எம்ஜிபி காரின் ஹெட் கேஸ்கெட்டைப் புதிய வகைக்கு மாற்றும் முறை

எஞ்சினின் அடிப்பகுதியான பிளாக்குக்கும் மேற்பகுதியான ஹெட்டுக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கெட். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் தயாரான எம்ஜிபி, இந்த வேலையைப் புதிதாகக் கற்பவருக்கு ஏற்ற கார். அதன் நான்கு சிலிண்டர் 1798 சி.சி. எஞ்சினில் வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் பிளாக்கிலேயே இருப்பதால், ஹெட்டைக் கழற்றும்போது அதைச் சுழற்றும் டைமிங் செயினைத் தொட வேண்டியதில்லை.

ஆயில் மூடியின் அடியில் வெண்மையான குழம்பு படிந்திருப்பதைக் கண்டதும் கேஸ்கெட் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். குளிர்காலத்தில் குறைந்த தூரமே ஓடும் வண்டியிலும் அது படியும். சிலிண்டர்களின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையில் அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைவாகக் காட்டினால், அவற்றுக்கு இடையே கேஸ்கெட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகு பேட்டரி இணைப்பைத் துண்டித்து, ரேடியேட்டர், பிளாக் இரண்டிலிருந்தும் தண்ணீரை வடித்துவிடுங்கள். கார்புரேட்டர்கள், காற்றும் புகையும் செல்லும் மேனிஃபோல்டுகள், ஹீட்டர் குழாய்கள், ஹெட்டின் மேல் மூடியான ராக்கர் கவர் ஆகியவற்றை வரிசையாகக் கழற்றுங்கள்.

அடுத்த கட்டத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்களின் தண்டான ராக்கர் ஷாஃப்ட்டைத் தாங்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. அவற்றை மட்டும் முதலில் கழற்றினால் ஒரு பக்க அழுத்தத்தால் ஹெட் வளையக்கூடும். ஆகவே பதினொரு ஹெட் நட்டுகளையும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவே தளர்த்தி வரவேண்டும். பிறகு ராக்கர் ஷாஃப்ட்டை எடுத்து, ராக்கர்களைத் தள்ளும் கம்பிகளான எட்டு புஷ்ராடுகளையும் மெல்லத் திருகியபடி உருவி, துளையிட்ட அட்டையில் எண் வரிசைப்படி செருகி வையுங்கள். திருகாமல் இழுத்தால் எண்ணெய்ப் பசையால் அதன் அடியில் இருக்கும் டேப்பட்டும் கூடவே மேலேறிவிடும்.

ஹெட் ஒட்டிக்கொண்டிருந்தால் இடையில் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பாதீர்கள்; பக்கவாட்டில் மரக்கட்டையை வைத்துத் தட்டினால் விடுபடும். வார்ப்பிரும்பின் எடை அதிகம் என்பதால், அதைத் தூக்க இன்னொருவர் உடனிருப்பது நல்லது.

பழைய கேஸ்கெட் செம்புத் தகடுகளுக்கு இடையே கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) வைத்துச் செய்ததாக இருக்கலாம். அதை உலர்ந்த நிலையில் சுரண்டவோ கம்பி பிரஷால் தேய்க்கவோ கூடாது. முகக்கவசம் அணிந்து, ஈரப்படுத்தி எடுத்து, உறையிலிட்டு மூடிவிடுங்கள். அதற்குப் பதிலாக இன்று கிடைக்கும் கல்நாரற்ற கூட்டுப்பொருள் கேஸ்கெட்டை வாங்குவதே மேம்பாடு. ஆனால் எவ்வளவு நல்ல கேஸ்கெட்டும் கோணலான பரப்பில் நிற்காது.

ஆகவே பரப்புகளுக்கே அதிக நேரம் ஒதுக்குங்கள். நேர்விளிம்புள்ள எஃகுப் பட்டையை ஹெட்டின் நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைக்கு மூலையும் வைத்துப் பாருங்கள், அடியில் இடைவெளியை அளக்கும் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் தாள் தாராளமாக நுழைந்தால் ஹெட்டைச் சமன்செய்ய எஞ்சின் பட்டறைக்கு அனுப்புவதே சரி. பிளாக்கில், ஹெட் நட்டுகள் ஏறும் மரைக்கம்பிகளான ஸ்டட்களின் துளைகளைச் சுற்றி உலோகம் சற்றே மேலெழும்பி இருக்கிறதா என்றும் பாருங்கள். பல ஆண்டு இறுக்கத்தில் மரை இழுபட்டு இப்படி ஆவதுண்டு. அந்த மேட்டை நீக்காவிட்டால் புதிய கேஸ்கெட்டும் அங்கேதான் கசியும்.

புதிய கேஸ்கெட்டில் மேல்பக்கம், முன்பக்கம் குறிக்கப்பட்டிருந்தால் அதன்படியே வையுங்கள். தயாரிப்பாளர் சொல்லாதவரை சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) எதையும் பூச வேண்டாம். ஹெட்டை நேராக இறக்கி, புஷ்ராடுகளை அவற்றின் இடத்திலேயே பொருத்தி, ராக்கர் ஷாஃப்ட்டையும் வைத்தபின், நடுவிலிருந்து வெளிப்புறமாக, மூன்று நான்கு சுற்றுகளில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். ஹெட் நட்டுகளுக்கான இறுதி அளவு 45 முதல் 50 பவுண்டு-அடி; ராக்கரின் சிறிய நட்டுகளுக்கு 25 போதும்.

டேப்பட் இடைவெளியை, அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் இடையேயுள்ள இடைவெளியைச் சரிசெய்ய ஓர் எளிய கணக்கு உண்டு: முழுதும் திறந்த வால்வின் எண்ணை ஒன்பதிலிருந்து கழித்தால் வருவது அப்போது சரிசெய்ய வேண்டிய வால்வு. அதாவது எட்டாவது திறந்திருக்கும்போது முதலாவது. இடைவெளி அளவு ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், உங்கள் காரின் கையேட்டில் உள்ளதையே பின்பற்றுங்கள். ராக்கர் கவருக்கு, நாளடைவில் சுருங்கும் கார்க் கேஸ்கெட்டை விட சிலிகான் ரப்பர் மேல் என்பது என் கருத்து.

ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால், எஞ்சினை இயக்கும் முன்பே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். சில நூறு மைல் ஓடியபின் மீண்டும் இறுக்க வேண்டுமா என்பது கேஸ்கெட்டுடன் வரும் குறிப்பில் இருக்கும். வேண்டுமெனில், ஆறிய எஞ்சினில் ஒவ்வொரு நட்டாகச் சிறிது தளர்த்தி உடனே குறித்த அளவுக்கு இறுக்கி, டேப்பட் இடைவெளியையும் மறுபடி அளந்துவிடுங்கள்.