லேவியராகமத்தோடு நின்றுபோகும் வேதவாசிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் 31 இராத்திரி ஆராதனை முடிந்து, கேக்கும் காபியும் கையுமாகக் கோயில் வாசலில் நிற்கும்போது, பாதிப் பேராவது “இந்த வருஷம் வேதத்தை முழுசா வாசிச்சிரணும்” என்று சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடுவார்கள். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீட்டு ஜெபக்கூட்டங்களுக்குப் பல வருஷமாகப் போய் வருகிறவன் என்பதால், இந்தப் பேச்சை நிறையக் கேட்டிருக்கிறேன். நானும் சொன்னவன்தான். சொல்கிற எல்லாருக்கும் ஆசை உண்மை. ஆனாலும் மார்ச் மாதத்தில் விசாரித்தால் பெரும்பாலோர் நிறுத்தியிருப்பார்கள். சோம்பேறித்தனம் என்று அவர்களே தங்களைத் திட்டிக்கொள்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆரம்பித்த விதத்தில்தான் தவறு இருக்கிறது.

கணக்கிலிருந்தே தொடங்கலாம். வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். கிழமை நாட்களில் மூன்று அதிகாரம், ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் ஒரு வருஷத்துக்குள் முடிந்துவிடும். நம் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த கணக்கு இது, சரியான கணக்கும்கூட. ஆதியாகமம் 50 அதிகாரம், யாத்திராகமம் 40. ஜனவரி கடைசியில் லேவியராகமம் வந்துவிடும். பலிகள், கொழுப்பு, குஷ்டம், வீட்டுச் சுவரில் படரும் தோஷம். அங்கே வாசிப்பு தடுமாறும். இரண்டு நாள் விட்டால் ஆறு அதிகாரம் பாக்கி, ஒரு வாரம் விட்டால் இருபத்துமூன்று. அப்புறம் வேதத்தைப் பார்த்தாலே வட்டி கட்டாத கடன் பத்திரத்தைப் பார்ப்பதுபோல் மனசு கூசும். கூச்சம் வந்தபிறகு யாரும் அதைத் திறப்பதில்லை.

பாக்கியைச் சுமப்பதுதான் முதல் தவறு. யாத்திராகமம் 16-ஐ எடுத்துப் பாருங்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு உணவாகக் கொடுத்த மன்னாவை அந்தந்த நாளுக்கு அந்தந்த நாளே சேர்க்கச் சொன்னார் கர்த்தர். மறுநாளைக்கென்று வைத்தது புழுத்து நாறிப்போயிற்று. விடுபட்ட நாளுக்காக வருத்தப்படுங்கள், மன்னிப்புக் கேளுங்கள். ஆனால் அந்த இருபத்துமூன்று அதிகாரத்தையும் ஒரே இரவில் ஓட்டித் தீர்க்கப் பார்க்காதீர்கள். இன்றைக்குள்ள பங்கை இன்றைக்கு எடுத்தால் போதும். திட்டம் ஒன்றரை வருஷம் இழுத்தாலும் நஷ்டமில்லை.

நாங்கள் குடியிருந்த பெரிய வீட்டின் அடுத்த பகுதியில் ஒரு ஆச்சி இருந்தார்கள். விடியற்காலையில் குளித்து, பட்டாலையில் உட்கார்ந்து, திருவாசகத்தில் ஒரு பதிகத்தை ராகத்தோடு ஓதுவார்கள். காய்ச்சலானால் மெதுவாக ஓதுவார்களே தவிர நிறுத்திப் பார்த்ததில்லை. ஒருநாள் முற்றத்தில் என்னைப் பார்த்து, “நேத்து உங்க வீட்டுல வேதம் வாசிக்கிற சத்தத்தைக் காணோமே தம்பி, எல்லாரும் நல்லா இருக்கீகளா?” என்று கேட்டார்கள். அந்த வாரம் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் நின்றிருந்தது. வேறு நெறியில் இருக்கிற ஒருவர் நம் வாசிப்புக்குக் காது கொடுத்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய உறுத்தலாகிப்போனது. அன்றிலிருந்து நேரமும் இடமும் மாற்றாமல், காலை காபிக்கு முன்னால், ஜன்னல் பக்கத்து நாற்காலியில் என்று வைத்துக்கொண்டேன். கால் மணி நேரம்தான்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றும் கட்டாயமில்லை. மாற்கு சுவிசேஷம் 16 அதிகாரம், நடையும் விறுவிறுப்பாகப் போகும். ரூத் நாலே அதிகாரம், ஒரே மூச்சில் முடிக்கலாம். நீதிமொழிகள் 31 அதிகாரம், தேதிக்கு ஒன்று. கத்தோலிக்க உறவினர்கள் சிலர் திருப்பலியின் அன்றாட வாசகங்களையே வீட்டில் வாசிக்கிறார்கள். ஞாயிறு வாசகங்கள் மூன்று வருஷச் சுழற்சியில் வருவதால் நற்செய்தி நூல்கள் பரவலாக மனதில் பதிந்துவிடுகின்றன. நல்ல வழி.

ஆனால் பிடிக்காத பகுதியை நிரந்தரமாகத் தாண்டிப் போவது பெரிய இழப்பு. லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் வரை பொறுமையாகப் போனவர்களுக்குத் தெரியும். வயலை அறுக்கும்போது ஓரத்தில் இருப்பதைத் தீர அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று அங்கே கட்டளை இருக்கிறது. சில வாரம் கழித்து ரூத்தின் புத்தகத்துக்கு வரும்போது, மோவாபிலிருந்து வந்த விதவை ஒருத்தி போவாசின் வயலில் கதிர் பொறுக்குகிறாள். அட, இது அந்தக் கட்டளைதானே என்று மனசு துள்ளும். இன்னும் தள்ளிப் போய் மத்தேயு முதல் அதிகாரத்தைத் திறந்தால், இயேசுவின் வம்ச வரலாற்றில் ஐந்தாம் வசனத்தில் அதே ரூத். வயல் ஓரத்தில் விடப்பட்ட ஒரு கைப்பிடிக் கதிர் எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது பாருங்கள். இதை எந்தப் பிரசங்கியார் சொல்லிக் கேட்டாலும் நன்றாகத்தான் இருக்கும். நாமே தொடர்ந்து வாசித்துக் கண்டுபிடிக்கும்போது கிடைக்கிற நடுக்கம் வேறு.

“இன்னான் இன்னானைப் பெற்றான்” என்கிற பட்டியல்களை ஓட்டிவிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. செட்டிநாட்டில் இருந்துகொண்டு அதைச் செய்யலாமா? எந்த ஊர், நகரத்தாரின் ஒன்பது கோயிலில் எந்தக் கோயில், யார் வீட்டுப் பேரன் என்று கேட்காமல் இங்கே ஒரு பேச்சு நகருமா? தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்துத் தலைமுறையைப் பிடித்து வைக்கிற மண் இது. சிறையிருப்பிலிருந்து திரும்பிவந்த யூதருக்கும் அந்தப் பெயர்கள்தான் நாம் யார் என்பதைச் சொல்லின. நாளாகமத்தை அந்த மனசோடு வாசித்துப் பாருங்கள்.

அடுத்து, வசனத்தைப் பிய்த்து எடுப்பது. புத்தாண்டில் ஒரு வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம், சந்தோஷம்தான். ஆனால் வருஷம் முழுக்க அந்த ஒரு அட்டையிலேயே நிற்பது, அல்லது கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து விரல் பட்ட வரியைத் தேவன் சொன்ன பதில் என்று எடுத்துக்கொள்வது ஆபத்தானது. அதிகார எண்கள் 13-ஆம் நூற்றாண்டில்தான் இன்றைய வடிவத்தில் வந்தன. புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் 1551-இல் ராபர்ட் எஸ்தியென் அச்சிட்ட கிரேக்கப் பதிப்பில் வந்தவை. பவுல் பிலிப்பியருக்கு எழுதியது ஒரு கடிதம். கடிதம் வந்தால் நடுவில் ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு மடித்து வைப்போமா?

“எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு” என்பது பிலிப்பியர் 4:13. பரீட்சைக்கும் வியாபாரத்துக்கும் இதைச் சொல்கிறோம். அதற்கு முந்திய வசனத்தில் பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டேன் என்கிறார் பவுல். அப்போது அவர் காவலில் இருந்தவர். பெலன் எதற்கு என்பது அங்கேதான் தெரிகிறது. எரேமியா 29:11-ம் அப்படியே. “அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே” என்பது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதின நிருபத்தில் இருக்கிறது. எழுபது வருஷம் ஆகும் என்று பத்தாம் வசனம் சொல்கிறது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த ஊரின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று 5, 7 வசனங்கள் சொல்கின்றன. இந்தப் பக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போய், எப்போது ஊர் திரும்புவோம் என்று ஏங்குகிற பிள்ளைகளுக்கு அந்த ஏழாம் வசனம்தான் அட்டையில் அச்சடிக்கப்பட வேண்டியது என்று நான் நினைக்கிறேன்.

இனி, நம் தமிழ் வேதத்துக்கே உரிய ஒரு சிக்கல். இதைப் போதிய அளவு யாரும் பேசுவதில்லை. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சில் வந்தது. நாம் ஆலயத்தில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பில் 18-ஆம் நூற்றாண்டின் பப்ரிசியுஸின் தடமும், 19-ஆம் நூற்றாண்டில் ஹென்றி பவர் தலைமையில் நடந்த திருத்தமும் இருக்கின்றன. அந்தத் தமிழ் அழகானது. ஆனால் சில சொற்களின் பொருள் நம் காலத்தில் இடம் மாறிவிட்டது. தெரியாமலே தப்பாகப் புரிந்துகொள்கிறோம், அல்லது பிள்ளைகள் புரியாமல் விலகிப்போகிறார்கள்.

ஓய்வுநாள் பள்ளியில் ஒரு சிறுமி கேட்டாள்: “என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்னு இயேசப்பா சொல்றாரே, அவர் என்ன கற்பனை பண்ணினார்?” யோவான் 14:15. வேதத்தில் கற்பனை என்றால் கட்டளை. அவளுக்குத் தெரிந்த கற்பனை வேறு. “இருபுறமும் கருக்குள்ள பட்டயம்” என்று எபிரெயர் 4:12-இல் வருவது வாள். பாலிடெக்னிக்கில் வாங்கும் பட்டயமும் இல்லை, செப்புப் பட்டயமும் இல்லை. பரதேசி என்பது வேற்றுநாட்டார். இன்றைக்கு அது வசவுச் சொல். 1 பேதுரு 5:7-இல் “அவர் உங்களை விசாரிக்கிறவர்” என்பதைக் கேட்டால் இளம்பிள்ளைகளுக்குப் போலீஸ் ஸ்டேஷன்தான் ஞாபகம் வரும். “அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்” என்று கடிதத்தின் கடைசியில் எழுதுவோமே, அந்த விசாரிப்பு அது. நம்மைக் கவனித்துக்கொள்கிறவர், அக்கறையாக இருக்கிறவர்.

அதனால் பழைய மொழிபெயர்ப்பை மட்டும் பிடித்துக்கொண்டு புரியாததைப் பக்தியோடு கடந்துபோகாதீர்கள். பக்கத்தில் 1995-இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பை வைத்துக்கொள்ளுங்கள். கற்பனை அங்கே கட்டளை என்றிருக்கும், பட்டயம் வாள் என்றிருக்கும். எது உயர்ந்தது என்று சண்டை போட வேண்டியதில்லை. அப்போஸ்தலர் நடபடிகளில், ரதத்தில் உட்கார்ந்து வேதம் வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய மந்திரியிடம் பிலிப்பு, “நீர் வாசிக்கிறவைகளின் கருத்து உமக்குத் தெரியுமா” என்று கேட்டான். தெரியாது என்று அவர் ஒப்புக்கொண்டார், பிலிப்புவை ரதத்தில் ஏற்றிக்கொண்டார். போதகரிடமோ, விவரம் தெரிந்த பெரியவரிடமோ கேட்பதில் ஒரு குறைவும் இல்லை.

கைபேசியைப் பற்றி இரண்டே வரி. அதில் வாசிக்கலாம், ஆனால் இணைப்பை அணைத்துவிட்டு வாசியுங்கள். காலையில் நாற்பது பேருக்கு வசனப் படம் அனுப்புவதும், யூடியூபில் பிரசங்கம் கேட்பதும் வாசிப்புக்குப் பதிலாகாது. பெரோயா பட்டணத்தார் பவுலின் பிரசங்கத்தையே “காரியங்கள் இப்படியிருக்கிறதா” என்று தினந்தோறும் வேதத்தில் ஆராய்ந்து பார்த்தார்கள்.

வாசித்ததும் மூடி வைத்துவிட்டு எழுந்துபோவது எல்லாவற்றிலும் ஆழமான தவறு. ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற பூக்கல் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ அச்சுக்குள் கலர் சிமெண்டுக் கூழை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கிவிட்டு, மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவி, அப்புறம் கலவையைக் கொட்டிக் கரண்டியால் வழித்துச் சமன் செய்வார்கள். சூளை கிடையாது. கண்ணாடியோடு ஒட்டினபடியே கிடந்து, தொட்டித் தண்ணீரில் நாட்கணக்கில் ஊறி, காய்ந்து, கடைசியில் கண்ணாடி கழன்று வரும்போது அதன் வழவழப்பு கல்லின் முகத்துக்கு வந்திருக்கும். அவசரப்பட்டுப் பிரித்தால் பூ சிதைந்துவிடும். யாக்கோபு 1-இல் ஒருவன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கிறான், அவ்விடம்விட்டுப் போனவுடனே மறந்துவிடுகிறான். பாக்கியவான் என்று சொல்லப்படுகிறவன், தேவனுடைய பிரமாணத்தை உற்றுப்பார்த்து “அதிலே நிலைத்திருக்கிறவனே”.

நிலைத்திருப்பது எப்படி? வாசித்ததில் ஒரு வரியை அன்றைக்குள் கைகால் உள்ளதாக ஆக்குவதுதான் எனக்குத் தெரிந்த வழி. அதே லேவியராகமம் 19-இல், 13-ஆம் வசனம், கூலிக்காரனுடைய வேலைக்கூலி விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்கிறது. நான் அதை வாசித்த அன்று, வீட்டுக் கதவைச் சரிசெய்துகொடுத்த ஆசாரிக்கு, “வெள்ளிக்கிழமை வாங்கிக்கங்க” என்று முந்தின நாள் சொல்லி அனுப்பியிருந்தேன். பணம் வீட்டிலேயே இருந்தது. சாயங்காலம் சைக்கிளில் போய்க் கொடுத்தேன். அவர் மனைவி வெளியே வந்து, பிள்ளைக்கு மருந்து வாங்கணும்னு இருந்தோம் என்றார். அந்த வசனத்தை நான் மனப்பாடம் செய்யவில்லை, இன்றுவரை மறக்கவும் இல்லை.

அம்மாவுக்கு இப்போது கண் தெரிவதில்லை. இராத்திரி நான்தான் வாசிக்கிறேன். வீட்டில் கண் மங்கியவர்களையும் எழுத்து அறியாதவர்களையும் வாசிப்புக்கு வெளியே விட்டுவிடாதீர்கள். போன வாரம் பேதுருவின் நிருபம் வந்தது. சுலபமாக இருக்கட்டும் என்று புதிய மொழிபெயர்ப்பை எடுத்தேன். அந்த வசனம் வந்ததும் அம்மா கையைத் தூக்கி நிறுத்தினார்கள். “அது அப்படி இல்ல தம்பி. விசாரிக்கிறவரானபடியால்னு இருக்கும். பழைய வேதத்தை எடுத்து வாசி. இந்த வயசுல என்னை வேற யாரு விசாரிக்கிறா?” எழுந்துபோய் அலமாரியிலிருந்து பழையதை எடுத்துவந்து, அந்த அதிகாரத்தை முதலிலிருந்து வாசித்தேன்.