இரண்டு மில்லிவோல்ட் கணக்கு: டிரான்சிஸ்டரைச் சூடு பார்க்க வைக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

போடிமெட்டு ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் பூப்பாறை, சாந்தன்பாறை என்று ஏலத்தோட்டங்கள்தான். கேரளம் என்றாலும் ஸ்டோரில், அதாவது ஏலக்காய் உலர்த்தும் கூடத்தில், காய் உலர்த்துபவரோடு தமிழிலேயே பேசிவிட்டு வரலாம். அங்கே ஓடுகிற ட்ரையரின் கன்ட்ரோல் பெட்டி கெட்டால் அது மலை இறங்கிப் போடியில் என் பட்டறைக்கு வரும். பச்சைக்காயை 50 டிகிரியை ஒட்டிய சூட்டில் விடிய விடிய உலர்த்த வேண்டும். சூடு மிஞ்சினால் பச்சை நிறம் போய்விடும். நிறம் போன காய்க்குச் சந்தையில் ஏலம் விடும்போது என்ன மரியாதை என்று போடியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் இரண்டு மூன்று டிகிரிப் பிசகு இங்கே பணக் கணக்கு.

போன பருவத்தில் ஒரு ஸ்டோர்க்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, பழைய சென்சர் வயரை எலி கடிச்சிருச்சு. ஒரு பையன் ரெண்டு ரூபா டிரான்சிஸ்டரைப் போட்டுக் குடுத்தான். நடு ராத்திரி நல்லா ஓடுது, சாயங்காலமானா கிறுக்குப் பிடிச்ச மாதிரி சூட்டை அணைச்சிருது" என்றார். பையன் போட்டிருந்தது பிசி 547. அதில் குற்றமில்லை. வெப்பம் அளக்க அது நல்ல பொருள்தான், ஆனால் அதை அவன் ஓட்டியிருந்த விதம் தப்பு.

அடிப்படையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். டிரான்சிஸ்டரின் மூன்று கால்களில் கலெக்டரையும் பேஸையும் சேர்த்துக் கட்டி, எமிட்டரைத் தரையில் (சர்க்யூட்டின் பூஜ்ய வோல்ட் கம்பியில்) போட்டு, மேலிருந்து ஒரு சிறு கரன்ட் விட்டால், பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையிலான வோல்டேஜ் சாதாரண அறைச் சூட்டில் 0.6 வோல்ட்டை ஒட்டி நிற்கும். கரன்ட் மாறாமல் இருந்தால் ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் இந்த வோல்டேஜ் ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் இறங்கும். 'கரன்ட் மாறாமல் இருந்தால்' என்பதைத்தான் எல்லோரும் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம்.

அந்தப் பெட்டியில் நடந்தது அதுதான். வோல்டேஜை ஆடாமல் வைக்கும் ரெகுலேட்டருக்கு முன்னால் இருக்கும் 12 வோல்ட் கம்பியிலிருந்து ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கரன்ட் எடுத்திருந்தான் பையன். சாயங்காலம் சுற்றுவட்டாரத்து மோட்டார்கள் எல்லாம் ஓட, லைன் வோல்டேஜ் படுத்துவிடும். 12 வோல்ட் 9.6-க்கு இறங்கியது என்று வையுங்கள். டிரான்சிஸ்டருக்குப் போகிற கரன்ட் ஐந்தில் ஒரு பங்கு குறையும். கரன்ட்டுக்கும் இந்த வோல்டேஜுக்கும் உள்ள உறவு மடக்கைக் கணக்கு என்பதால் விளைவு சிறியதுதான், 6 மில்லிவோல்ட் சுற்றி. ஆனால் டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் என்கிற இடத்தில் 6 மில்லிவோல்ட் என்றால் 3 டிகிரி. வோல்டேஜ் இறங்கியதைச் சூடு ஏறியதாகப் பெட்டி புரிந்துகொண்டு அடுப்பை அணைத்தது. அணைந்த அடுப்புக்கு முன்னால் காய் ஈரத்தோடு நின்றது. நிலையான 5 வோல்ட்டிலிருந்து 43 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 100 மைக்ரோ ஆம்பியர் அளவில் கொடுத்தேன், நோய் தீர்ந்தது. ரெகுலேட்டர் 5 வோல்ட்டிலும் 1 சதவீதம் ஆடினால்கூட 0.2 டிகிரிக்கு மேல் பிசகாது.

சரி, கரன்ட்டைக் கூட்டிவிட்டால் ஆட்டம் குறையுமே என்று 10 மில்லி ஆம்பியர் விடுகிறவர்களும் உண்டு. 10 மில்லி ஆம்பியர், 0.75 வோல்ட் என்றால் 7.5 மில்லிவாட். பிசி 547 போன்ற சின்னப் பிளாஸ்டிக் உடம்புக்கு ஒரு வாட்டுக்கு 200 டிகிரி என்பது வழக்கமான கணக்கு, ஆகவே அது தன்னைத்தானே 1.5 டிகிரி சூடாக்கிக்கொள்ளும். எப்போதும் அதே 1.5 என்றால் கழித்துவிடலாம். ப்ளோயர் ஓடும்போது காற்றடித்து அது குறையும், நின்றால் கூடும். அந்த மாதிரிப் பிசகை எந்தச் சரிக்கட்டலாலும் (காலிப்ரேஷனாலும்) பிடிக்க முடியாது. 100 மைக்ரோ ஆம்பியரில் இந்தத் தொல்லை நூறில் ஒரு டிகிரி அளவுக்குச் சுருங்கிவிடும். அதற்காக 1 மைக்ரோ ஆம்பியருக்கு இறங்கினால் வேறு தொல்லை: ட்ரையரின் ஈரக்காற்றில் கால்களுக்கு இடையே படியும் ஈரம் வழியாகக் கசிகிற கரன்ட்டே பெரிய பங்காகிவிடும். நடுவில் நிற்பதுதான் நல்லது.

அடுத்தது, எனக்கு அதிகம் வேலை கொடுக்கும் தவறு. ஒரு டிரான்சிஸ்டரை வைத்து எல்லாம் சரிசெய்து முடித்த பிறகு, அது செத்துப்போனால் அதே நம்பர் இன்னொன்றை மாட்டிவிட்டுப் போய்விடுவது. பிசி 547-இன் டேட்டாஷீட்டை, அதாவது கம்பெனி தரும் விவரத்தாளைப் பாருங்கள். 2 மில்லி ஆம்பியரில் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் 580 முதல் 700 மில்லிவோல்ட் வரை எதுவாகவும் இருக்கலாம் என்று போட்டிருக்கும். 120 மில்லிவோல்ட் என்றால் காகிதக் கணக்கில் 60 டிகிரி! ஒரே பாக்கெட்டில் வரும் டிரான்சிஸ்டர்கள் இவ்வளவு மோசமாக விலகாது, நான் அளந்தவரையில் சில மில்லிவோல்ட்டுக்குள் நிற்கும். ஆனால் அடுத்த பாக்கெட் வேறு தொழிற்சாலையிலிருந்து வந்திருக்கும். சென்சரை மாற்றினால் மறுபடி சரிக்கட்டியே ஆக வேண்டும்.

சரிக்கட்டுவதிலும் மலைநாட்டுக்கென்றே ஒரு குழி இருக்கிறது. ஐஸ் தண்ணீர் 0, கொதிநீர் 100 என்று பள்ளியில் படித்ததை அப்படியே செய்வார்கள். 1,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 96.7 டிகிரியிலேயே கொதித்துவிடும். போடியிலேயே அது 99-ஐ ஒட்டித்தான். தோட்டத்தில் உட்கார்ந்து கொதிநீரை 100 என்று குறித்தால், உண்மையில் 50 இருக்கும்போது பெட்டி 51.7 காட்டும். காய் முழுசாகக் காயாது, ஏன் என்றும் புரியாது. நான் கொதிநீரை விட்டுவிட்டேன். ஒரு முனைக்கு நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த பிளாஸ்க். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வெறும் ஐஸ் கட்டி பூஜ்யத்துக்குக் கீழே கிடக்கும், தண்ணீர் சேர்ந்து கலக்கினால்தான் பூஜ்யத்தில் நிற்கும். இன்னொரு முனைக்கு 50 டிகிரிச் சுடுநீர், பக்கத்தில் நம்பிக்கையான ஒரு தெர்மாமீட்டர். எங்கே வேலையோ அங்கே சரியாக இருந்தால் போதும். சென்சரை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு இறக்க மறக்காதீர்கள், கால்கள் நனைந்தால் அளவு கெடும்.

இரண்டு முனையும் கட்டாயம் வேண்டும். டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் என்பது ஒரு பேச்சுக்குச் சொல்வது. கரன்ட்டைப் பத்து மடங்கு குறைத்தால் இந்தச் சரிவு டிகிரிக்கு 0.2 மில்லிவோல்ட் கூடும். புரோகிராமில் 2.0 என்று எழுதிவிட்டு ஒரே ஒரு இடத்தில் ஒப்பிட்டுப் பார்த்தால், அந்த இடத்தில் மட்டும் சரியாக இருக்கும்.

கால்கள் மாறிப்போவது இன்னொரு சங்கடம். தட்டையான முகத்தை நம்மைப் பார்த்து வைத்தால் பிசி 547-க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என் 3904 என்கிற இன்னொரு டிரான்சிஸ்டருக்கு நேர் எதிர். மாற்றிக் கட்டினால் சுத்தமாக வேலை செய்யாது என்றால் உடனே கண்டுபிடித்துவிடலாம். இங்கே அது ஓரளவு வேலை செய்துவிடும்! பேஸ்-எமிட்டருக்குப் பதில் பேஸ்-கலெக்டர் ஜங்ஷன் (உள்ளே இரண்டு பகுதிகளும் சேரும் இடம்) டயோடாக நின்று, சூடேறினால் வோல்டேஜ் இறங்கத்தான் செய்யும். அளவுதான் வேறு. 1என் 4148 டயோடைப் போடுகிறவர்களுக்கும் இதே கதை; அறுபது ரூபாய்க் கடிகாரம்போல நேரம் காட்டும், நம்ப முடியாது. இரண்டு டிரான்சிஸ்டரை ஒரே உடம்பில் அடைத்த டார்லிங்டன் வகையை எடுக்கவே எடுக்காதீர்கள். உள்ளே இரண்டு ஜங்ஷனும், பலவற்றில் கூடவே ரெசிஸ்டர்களும் உட்கார்ந்திருக்கும்.

ஆர்டுயினோ என்கிற சின்ன கன்ட்ரோலர் போர்டில் இந்த வோல்டேஜை நேராகக் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் ஒரு வகுத்தல் செய்து பார்க்க வேண்டும். 5 வோல்ட்டை 1,024 படிகளாகப் பிரித்தால் ஒரு படி 4.9 மில்லிவோல்ட், அதாவது ஏறக்குறைய 2.4 டிகிரி. திரையில் எண் தாவித் தாவிப் போவது அதனால்தான். 5 வோல்ட்டுக்குப் பதில் உள்ளேயிருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸை அளவுகோலாகப் போட்டால் அரை டிகிரிக்கு வந்துவிடும். ஆனால் அந்த 1.1 சிப்புக்குச் சிப்பு 1.0 முதல் 1.2 வரை மாறும், ஆகவே போர்டை மாற்றினாலும் சரிக்கட்டல் உண்டு. ஓப்-ஆம்ப் என்கிற பெருக்கிச் சிப்பை வைத்துப் பெருக்குகிறவர்கள் 0.55 வோல்ட்டை அப்படியே பத்தால் பெருக்கி 5.5 கேட்பார்கள். 5 வோல்ட்டில் ஓடும் எல்எம் 358 ஓப்-ஆம்ப் மூன்றரை வோல்ட்டுக்கு மேல் ஏறவே ஏறாது. முதலில் அரை வோல்ட்டைக் கழியுங்கள், அப்புறம் பெருக்குங்கள்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் வித்தியாச முறைக்குப் போவார்கள். ஒரே டிரான்சிஸ்டரில் முதலில் 10, பிறகு 100 மைக்ரோ ஆம்பியர் விட்டு, இரண்டு வோல்டேஜின் வித்தியாசத்தை எடுப்பது. அந்த வித்தியாசம் ஒவ்வொரு கெல்வினுக்கும் 0.198 மில்லிவோல்ட். டிரான்சிஸ்டருக்கு டிரான்சிஸ்டர் மாறுகிற சங்கதி எல்லாம் கழிபட்டுப்போகும். அழகான வேலை. கம்ப்யூட்டர் ப்ராசசர் தன் சூட்டைத் தெரிந்துகொள்வதும் இதே வழியில்தான். ஆனால் இங்கே 2 மில்லிவோல்ட் கணக்கு 0.2 ஆகச் சுருங்கிவிட்டது என்பதை மறந்து நீள வயர் இழுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். போக வர 10 ஓம் இருக்கிற வயரில், சாதாரண முறையில் 1 மில்லிவோல்ட், அரை டிகிரிதான் பிசகு, அதுவும் சரிக்கட்டலில் போய்விடும். வித்தியாச முறையில் அதே வயர் 0.9 மில்லிவோல்ட் சேர்த்து நாலரை டிகிரியை ஏற்றிவிடும். கரன்ட்டுக்கு இரண்டு கம்பி, அளக்க வேறு இரண்டு கம்பி என்று நாலாக இழுத்தால் தப்பலாம். ஸ்டோர் வேலைக்கு நான் இந்த முறைக்குப் போவதில்லை.

எங்கே வைப்பது என்பதையும் சொல்ல வேண்டும். டிரான்சிஸ்டர் காட்டுவது அதன் உள்ளே இருக்கும் ஜங்ஷனின் சூட்டை, காற்றின் சூட்டை அல்ல. பிளாஸ்டிக் உடம்பைவிடக் கால்கள் வழியாகத்தான் வெப்பம் நன்றாகப் போய்வரும். போர்டில் ஒட்டினாற்போல சால்டர் செய்தால் போர்டின் சூட்டைத்தான் படிக்கும். மெல்லிய வயரில் வெளியே இழுத்து, அந்த வயரிலும் ஒரு சாண் நீளம் அதே காற்றில் கிடக்கும்படி விடுங்கள். அடுப்புக்குழாய் நேராகத் தெரிகிற இடமானால் நடுவில் ஒரு அலுமினியத் தகடு மறைப்பாக வேண்டும். ஆம்ப்ளிஃபையர்க்காரர்கள்போல பிடி 139 டிரான்சிஸ்டரை உலோகத்தில் முறுக்குகிறவர்கள் நடுவில் கரன்ட் கடத்தாத மைக்கா தகடு வைக்க மறந்தால், முதுகுத் தகடு கலெக்டர் என்பதால் எல்லாம் தரையோடு போகும். அதன் எதிர்வகையான (பிஎன்பி) பிடி 140-ஐப் போட்டு கலெக்டரையும் பேஸையும் தரையில் கட்டினால் மைக்காவே வேண்டாம்.

செல்போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் எண் குதிக்கிறதா? ஜங்ஷன் ரேடியோ அலையைப் பிடித்து நேராக்குகிறது. சென்சரின் காலடியிலேயே ஒரு 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், முறுக்கிய வயர், அவ்வளவுதான்.

கடைசியாக, அந்த ஸ்டோர்க்காரர் பெட்டியில் நான் சேர்த்துக் கொடுத்தது. இந்தச் சென்சரில் வயர் ஒட்டிக்கொண்டால் வோல்டேஜ் பூஜ்யமாகி, பயங்கரச் சூடு என்று நினைத்து அடுப்பு அணையும். காய் கெடும், கட்டடம் பிழைக்கும். வயர் அறுந்தால் தலைகீழ். வோல்டேஜ் 5-க்கு ஏறும், பெட்டிக்கு அது உறைபனிக் குளிர். முழு மூச்சில் அடுப்பை எரித்துக்கொண்டே இருக்கும். எந்தக் குளிரிலும் இந்த டிரான்சிஸ்டர் நம் ஊரில் 0.7-ஐத் தாண்டாது. அதனால் 0.8-க்கு மேல் கண்டால் அடுப்பை நிறுத்தி மணியடிக்க, வோல்டேஜை ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு கம்பேரட்டர் வைத்தேன். "இது எதுக்கு தம்பி?" என்று கேட்டார். "எலிக்கு, அண்ணே" என்றேன்.