கறுப்பு வெள்ளைப் பேய்ச் சிரிப்புப் படங்களை வீட்டில் வடிவாகப் பார்ப்பது எப்படி

பேய்ப்படம் என்றால் எங்கள் வீட்டில் பாதிப் பேர் எழும்பிப் போவார்கள், பழைய கறுப்பு வெள்ளை என்றால் மிச்சப் பாதியும் போய்விடும். போன மாரிக்கு, திருகோணமலையில் மூன்று நாள் விடாமல் மழை கொட்டி ஒருவரும் வாசல் தாண்ட முடியாமல் இருந்த ஓர் இரவில்தான் ‘ஹோல்ட் தட் கோஸ்ட்’ டிவிடியைப் போட்டேன். 1941இல் வந்த, அபட், கொஸ்டெல்லோ என்ற அமெரிக்கச் சிரிப்பு நடிகர் சோடியின் படம். அதில் ஒரு மெழுகுவர்த்திக் காட்சி இருக்கிறது. மேசையில் எரிகிற மெழுகுவர்த்தி தானாக நகரும், குண்டுக் கொஸ்டெல்லோ கூட்டாளியைக் கூப்பிட வாயைத் திறப்பார், சத்தம் வராது, காற்றுத்தான் வரும், ஒருமாதிரிக் குரல் வந்து கூட்டாளி ஓடி வந்து பார்த்தால் மெழுகுவர்த்தி ஒன்றுமே தெரியாத மாதிரி நிற்கும். அம்மம்மாவுக்கு இங்கிலீஷில் ஒரு சொல் விளங்காது. அவ சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தா.

இதே டிஸ்க்கை அதற்கு முதல் ஒருதரம் பின்னேரம் நாலு மணிக்கு, யன்னல் எல்லாம் திறந்து, படத்தை ரீவியின் அகலத்துக்கு இழுத்துவிட்டுப் பார்த்தோம். ஒருவரும் சிரிக்கவில்லை. படம் ஒன்றுதான், பார்த்த விதம்தான் வேறு. இந்தப் படங்களில் சிரிப்பு இருட்டுக்குள்ளும் அமைதிக்குள்ளும்தான் ஒளிந்திருக்கிறது, அந்த இரண்டையும் வீட்டில் உண்டாக்கினால் மிச்சத்தைப் படம் பார்த்துக்கொள்ளும்.

முதலில் டிஸ்க். இவை இங்கே கடையில் சும்மா தொங்குகிற சாமான் இல்லை, ஊருக்கு வருகிற சொந்தக்காரரிடம்தான் சொல்லிவிட வேண்டும். அங்கேதான் முதல் சிக்கல். டிஸ்க்குகளை நாடுகளைப் பிரித்து வட்டார வட்டாரமாகப் பூட்டித்தான் விற்கிறார்கள், அந்த வட்டாரத்துக்கு ரீஜன் என்று பெயர். டிவிடியில் இலங்கை 5ஆம் ரீஜன், லண்டன் மாமா கொண்டு வருவது 2, கனடா அண்ணா கொண்டு வருவது 1. புளூரே என்றால் நாங்கள் சி, லண்டனும் பிரான்சும் அவுஸ்திரேலியாவும் பி, கனடா ஏ. டிஸ்க் வந்த பிறகு பிளேயர் ‘ரீஜன் பிழை’ என்று காட்டினால் அழத்தான் வேண்டும், அதனால் எல்லா ரீஜனும் ஓடுகிற பிளேயரா என்று முதலே கேட்டு வாங்குங்கள். கணினி டிரைவில் போடுகிறவர்கள் கவனம்: ரீஜனை ஐந்து தரம்தான் மாற்றலாம், ஐந்தாவதோடு அது அப்படியே பூட்டிக்கொள்ளும்.

இரண்டு பக்கமும் சொந்தம் இருந்தால் எங்கே சொல்லிவிடுவது? லண்டன் டிவிடிகள் பால் (PAL) என்ற ரீவி முறையில் வருபவை. விநாடிக்கு 24 பிரேமில் எடுத்த படத்தை அதில் 25 ஆக ஓட்டுவார்கள், 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் கொஞ்சம் கீச்சென்று ஏறும். நாடகப் படத்தில் இதைக் கவனிக்க மாட்டீர்கள். பேய்ச் சிரிப்பில் ஒரு முழிப்புக்கும் ஓர் அலறலுக்கும் நடுவே இருக்கிற நேரம்தான் உயிர், அதனால் டிவிடி என்றால் நான் கனடாப் பக்கம்தான் கேட்பேன். புளூரே என்றால் பெரும்பாலும் 24 பிரேமிலேயே ஓடும், எங்கே வாங்கினாலும் சரி.

அப்புறம், எந்தக் கொப்பி என்பது. 1941இல் வந்த ‘டொப்பர் ரிட்டர்ன்ஸ்’ மாதிரி சில படங்களுக்கு அமெரிக்காவில் இப்போது காப்புரிமை இல்லை. அதனால் யாரும் அச்சடிக்கலாம், நாலைந்து படத்தை ஒரே டிஸ்க்கில் திணித்து மலிவாக விற்கிறார்கள். ஒற்றை அடுக்கு டிவிடியில் 4.7 ஜிகாபைட்தான் கொள்ளும், அதற்குள் அத்தனை படம் என்றால் இருட்டுக் காட்சி நிச்சயம் நாசம். போட்டுப் பார்த்தவுடனேயே தெரியும்: நிழலுக்குள் சின்னச் சின்னச் சதுரங்கள் ஊரும், பேய் கரைகிற இடத்தில் புகைக்குப் பதிலாகத் தடிப்புத் தடிப்பாய் ஏதோ அசையும். ஒரு டிஸ்க்குக்கு ஒரு படம், பின்னட்டையில் பழுதுநீக்கிய பிரதி என்று எழுதியிருப்பது, முடிந்தால் படத்தை எடுத்த கொம்பனியே போட்டது, இவற்றைத் தேடுங்கள். காசு கூடத்தான், ஆனால் இருட்டே இல்லாத பேய்ப்படத்தை மலிவாக வாங்கி என்ன செய்வது?

நிறம் பூசிய கொப்பியை எடுக்காதீர்கள். 1937இல் கேரி கிராண்ட் நடித்த ‘டொப்பர்’ படத்துக்கு 1985இல் கணினியால் நிறம் ஏற்றினார்கள், முழுநீளப் படமொன்றுக்கு அப்படிச் செய்ததில் அது முதல் வரிசை. பேயாக வருகிற கணவனும் மனைவியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மறைவதும், ஆள் இல்லாமல் பேனா தானாக எழுதுவதும்தான் அந்தப் படவரிசையின் அழகு. கம்பியையும் இரட்டைப் பதிவையும் (ஒரே பிலிமில் இரண்டு தரம் எடுப்பது) கறுப்புப் பின்னணிக்குள் மறைத்துச் செய்த வேலை அது, அடுத்த பாகத்துக்கு இந்த வித்தைகளுக்காகவே ஆஸ்கார் பரிந்துரை கிடைத்தது. அதன்மேல் ரோஸ் கன்னமும் நீலக் கோட்டும் பூசினால் கண் நிறத்துக்குப் போய்விடும், வித்தை தெரியாது. கையில் நிறக் கொப்பிதான் இருக்கிறதென்றால் ரீவியில் ‘கலர்’ என்பதைப் பூச்சியத்துக்கு இறக்குங்கள். அசல் மாதிரியே வராவிட்டாலும் பார்க்கலாம்.

சரி, ரீவி. இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கடையில் இருந்து வந்த ரீவி பளிச்சென்று நீலம் பூத்துத்தான் இருக்கும், படமுறையை ‘மூவி’ அல்லது ‘சினிமா’ ஆக்குங்கள், நிறச்சூட்டை ‘வார்ம்’ ஆக்குங்கள். அகலத்தை 4:3 இல் வையுங்கள், இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும், அந்தக் காலப் படம் அந்த அளவில்தான் எடுக்கப்பட்டது. இழுத்துவிட்டால் ஒல்லியான அபட்டும் குண்டாகிவிடுவார், சோடியின் பகிடியே போய்விடும். அசைவை வழுவழுப்பாக்குகிற வசதியை நிற்பாட்டுங்கள், சாம்சங்கில் அதற்கு ஓட்டோ மோஷன் பிளஸ் என்று பெயர், எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃபுளோ. அறை வெளிச்சத்தைப் பார்த்துத் தானாகக் கூட்டிக் குறைக்கிற சென்சரையும் நிற்பாட்டுங்கள்.

கறுப்பைச் சரிபார்க்க எனக்குப் பழக்கமான வழி ஒன்று. இரவுக் காட்சி ஒன்றில் கறுப்புக் கோட்டுப் போட்டவர் நிற்கிற இடத்தில் படத்தை நிறுத்துங்கள், அறை விளக்கை அணையுங்கள். ‘பிரைட்னஸ்’ஐ இறக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கோட்டு முழுக்கக் கரி பூசினது மாதிரி ஆகும். அங்கிருந்து ஒவ்வொரு புள்ளியாக ஏற்றுங்கள். கோட்டின் மடிப்பும் பொத்தானும் மெல்லத் தெரிகிற இடத்தில் கையை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் கறுப்புச் சாம்பலாகிவிடும்.

சத்தம் இந்தப் படங்களில் மோனோதான், அதாவது ஒரே தடம்தான், ஸ்பீக்கரில் இருக்கிற சரவுண்ட் வித்தை ஒன்றும் வேண்டாம். ‘நைட் மோட்’ இருந்தால் அதையும் அணையுங்கள், அது குசுகுசுப்பையும் அலறலையும் ஒரே அளவாக்கிவிடும். எவ்வளவு சத்தம் வைப்பது என்று தெரியாவிட்டால் ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பாலையாவுக்குப் பயங்கரக் கதை சொல்கிற இடத்தைப் போட்டுப் பாருங்கள். 1964இல் வந்த கலர்ப் படம்தான், ஆனாலும் பேய்ச் சிரிப்பை எங்கள் ஆட்கள் எல்லோரும் படித்தது அந்தக் காட்சியில்தான். நாகேஷ் மெதுவாகச் சொல்வது பின்வரிசைக்கும் விளங்கி, சத்தம் உயர்கிற இடத்தில் காது வலிக்காமல் இருந்தால் அளவு சரி. இந்தப் புழுக்கத்தில் பங்கா இல்லாமல் இருக்க முடியாது, ஆனால் ‘டக்டக்’ என்று அடிக்கிற மேல் பங்காவை நிற்பாட்டி மேசைப் பங்காவைப் பின்னுக்கு வையுங்கள். கச்சானும் கோது உடைத்த கச்சானாக இருக்கட்டும், உடைக்கிற சத்தத்தில் நல்ல இடமெல்லாம் போய்விடும்.

நாள் என்று கேட்டால் போயா (பௌர்ணமி) லீவுக்கு முதல்நாள் இரவு, அடுத்த நாள் ஒருவருக்கும் அவசரம் இல்லை. நிலவு நன்றாக இருக்கும், யன்னலுக்குத் துணி போடாவிட்டால் திரையில் விழும். மாரி காலத்தில் கரண்ட் நின்றால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், திரும்பி வருகிற அடியில்தான் பிளேயர் போகிறது.

எந்தப் படத்தில் தொடங்குவது? வீட்டில் இங்கிலீஷ் தெரியாத மூத்த ஆட்கள் இருந்தால் பேச்சே கதையான படத்தில் தொடங்கவே கூடாது. மெழுகுவர்த்திப் படம் முதல், ‘டொப்பர்’ இரண்டாவது, ஒருவர் பக்கத்தில் இருந்து நாலு வரியில் கதை சொன்னால் போதும். அடுத்தது 1935இல் ரெனே கிளேர் எடுத்த ‘த கோஸ்ட் கோஸ் வெஸ்ட்’: ஸ்கொட்லாந்துக் கோட்டை ஒன்றை அமெரிக்கப் பணக்காரர் வாங்கி, கல் கல்லாகக் கழற்றிக் கப்பலில் ஏற்ற, உள்ளே இருந்த பேயும் கூடவே போய்விடும். சின்னப் பிள்ளைகளுக்கு சத்யஜித் ராயின் ‘கூப்பி கைன் பாகா பைன்’ (1969) போல ஒன்று இல்லை, பேய்கள் கூட்டம் கூட்டமாக ஆடுகிற நீளமான ஆட்டத்துக்கு எந்த மொழியும் வேண்டாம். அந்தப் படம் கடைசியில் கலருக்கு மாறும், முந்தின படத்துக்குக் கலரைப் பூச்சியத்தில் வைத்திருந்தால் திரும்ப ஏற்ற மறக்காதீர்கள். ‘மர்மயோகி’யை (1951) இந்த வரிசையில் கேட்பார்கள். பேய்க் காட்சிக்காக ‘ஏ’ சான்றிதழ் வாங்கிய எம்ஜிஆர் படம் அது, நல்ல படம், ஆனால் சிரிப்புப் படம் இல்லை.

‘த கோஸ்ட் அண்ட் மிஸஸ் மியூர்’ படத்தை (1947) எல்லோரும் படுத்த பிறகு பாருங்கள். செத்துப்போன கப்பல் கப்டன் ஒருவர் தன் கடற்கரை வீட்டுக்குக் குடிவந்த விதவையோடு சண்டை பிடித்துச் சண்டை பிடித்தே நேசமாகிற கதை. சிரிப்புக் குறைவு, மனது நிறைய. திருகோணமலையில் டச்பே கடற்கரைப் பக்கம் வீடு என்றால் யன்னலை ஒரு விரல்கடை திறந்து வையுங்கள். படத்தில் இருக்கிற கடலும் வெளியே இருக்கிற கடலும் ஒன்றாகக் கேட்கும்.

கடைசியாக, டெக் (வீடியோ கசெற் ஓட்டுகிற பெட்டி) வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த காலத்துக் கசெற்றுகள் வீட்டில் கிடந்தால் எடுத்தவுடன் டெக்கில் போடாதீர்கள். கசெற்றின் சின்ன யன்னலை வெளிச்சத்துக்குப் பிடியுங்கள், சுருளின் விளிம்பில் மாத் தூவின மாதிரி வெள்ளையாக இருந்தால் அது பூஞ்சணம். நான் அப்படி ஒன்றைப் பார்க்காமல் போட்டேன், டெக்கின் ஹெட் அழுக்காகி, அதற்குப் பிறகு போட்ட நல்ல கசெற்றிலும் அது ஏறிவிட்டது. புது டெக் இனி வாங்க முடியாது, கடைசிக் கொம்பனியும் 2016இல் செய்வதை நிற்பாட்டிவிட்டது. நல்ல கசெற்றுகளை முழுக்கச் சுற்றி, புத்தகம் மாதிரி நிமிர்த்தி, மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா பக்கெற்றோடு வையுங்கள். எங்கள் உப்புக் காற்றுக்கு டிஸ்க்குகளும் அதே டப்பாவுக்குள்தான். டிஸ்க் துடைப்பது என்றால் மெல்லிய பருத்தித் துணியால் நடுவில் இருந்து விளிம்புக்கு நேராக, வட்டமாக ஒருபோதும் வேண்டாம்.