திருகோணமலை வானொலிப் பேச்சு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உள்ளூர் வானொலியில் நாட்டு நடப்பும் ஊர்ச் சங்கதியும் பேச வருகிற இளைஞர்கள் பெரும்பாலும் குரலைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். குரல் பேசப் பேசப் பழகிவிடும். நிகழ்ச்சி கெட்டுப்போவது, ஒருவரிடம் கேட்க வேண்டிய கேள்வியை இன்னொருவரிடம் கேட்கும்போதுதான்.

மூதூரிலிருந்து ஒருவர் அழைத்து, வீதி குண்டும் குழியுமாகக் கிடக்கிறது என்கிறார். உடனே பிரதேச சபைத் தவிசாளரை இணைப்பில் எடுத்து வறுத்தெடுக்கிறோம். அது மட்டக்களப்பு - திருகோணமலை ஏ15 வீதி என்றால் அவரால் அதில் ஒரு கூடைக் கல்கூடப் போட முடியாது. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி தர வீதிகள் மாகாணத்தின் பொறுப்பு. ஊருக்குள் இருக்கும் சிறு வீதிகளும் ஒழுங்கைகளும்தான் உள்ளூராட்சி சபையிடம் இருக்கின்றன. ஆகவே எந்த வீதி, எந்தத் தரம் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மாகாண வீதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் பல ஆண்டுகள் தேர்தலே இல்லாமல் நிர்வாகம் ஆளுநரின் கீழ் நடந்தது. மக்கள் தெரிவுசெய்த ஒருவர் அங்கே இல்லாதபோது, பதில் சொல்லச் சம்பந்தப்பட்ட திணைக்கள அதிகாரியைத்தான் அழைக்க வேண்டும்.

அதிகாரி மழுப்பினால் நேரலையில் சத்தம் போட்டுப் பயனில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. மதிப்பீடு எவ்வளவு, ஒப்பந்தகாரர் யார், வேலை முடிய வேண்டிய திகதி எது என்று எழுதிக் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதைத் தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். கையில் காகிதத்தோடு கேட்கும் கேள்விக்குத் தனி மரியாதை உண்டு.

அடுத்தது, தேநீர்க் கடையில் கேட்டதை அப்படியே ஒலிவாங்கியில் சொல்வது. திருகோணமலையிலுள்ள 99 எண்ணெய்க் குதங்கள் பற்றிப் பேச்சு வந்தால் “99 ஐயும் இந்தியாவுக்குக் கொடுத்தாச்சு” என்று யாராவது சொல்வார்கள், நிகழ்ச்சி நடத்துபவரும் தலையாட்டுவார். 2022 ஜனவரி உடன்படிக்கையின்படி 14 குதங்கள் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக் கம்பனியான லங்கா ஐஓசிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. அந்தக் கம்பனியில் 51 வீதம் கூட்டுத்தாபனத்துடையது. இதை எதிர்ப்பவரும் ஆதரிப்பவரும் தாராளமாகப் பேசட்டும், ஆனால் இந்தக் கணக்கைச் சொன்ன பிறகு பேசட்டும்.

மாரி காலத்தில் கவனம் இன்னும் கூட வேண்டும். கந்தளாய்க் குளத்தின் கட்டு 1986 ஏப்ரலில் உடைந்து பல உயிர்களைக் கொண்டுபோனது. கந்தளாய், தம்பலகாமம் பக்கத்து மூத்தவர்களுக்கு அது மறக்கிற விஷயமா? வான்கதவு திறக்கும் செய்தியைக் “குளம் ஆபத்தில்” என்று பதற்றக் குரலில் வாசித்தால் இரவோடு இரவாகச் சனம் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓடும். நீர்ப்பாசனத் திணைக்களத்திடமோ அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்திலோ உறுதி செய்யுங்கள். எந்தக் கதவு, எத்தனை அடி, எந்த நேரம், எந்தப் பக்கத்துத் தாழ்நிலத்தவர் விலக வேண்டும் என்று சொல்லுங்கள். பிறகு இரண்டு தரம் திருப்பிச் சொல்லுங்கள், இடையில் வானொலியைப் போட்டவருக்கும் விளங்க வேண்டும்.

நகரத்தை மட்டுமே மாவட்டமாக நினைப்பதும் பெரிய குறை. குச்சவெளியில் கடற்றொழில், வெருகலில் வெள்ளமும் வயலும், கிண்ணியாவில் வேறு கவலைகள். “நம்ம சனம்” என்று சொல்லும்போது தமிழரும் முஸ்லிம்களும் தங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள் என்று நம்ப வேண்டும். கோமரங்கடவலயில் யானை அழித்த சிங்கள விவசாயியின் பயிரும் நம்ம மாவட்டத்துச் செய்திதான். அப்புறம், வெள்ளி நண்பகலில் நேரடித் தொலைபேசி நிகழ்ச்சி வைத்துவிட்டு மூதூர் அழைக்கவில்லையே என்று குறைப்படக் கூடாது, அது ஜும்ஆ நேரம்.

பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படியே குற்றம். பெயரைச் சொல்லவில்லை என்பது மட்டும் போதாது. சின்ன ஊரில் பாடசாலை, வகுப்பு, ஒழுங்கை மூன்றும் சொன்னால் அந்தப் பிள்ளை யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அழைப்பவர் அப்படி ஆரம்பித்தால் இணைப்பை மெதுவாக எடுத்துவிடுங்கள். அவருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை.

கடைசியாக, எனக்கு மிகவும் வலிக்கிற தவறு: ஒரு பிரச்சினையை ஒரு நாள் பேசிவிட்டு மறந்துவிடுவது. அதிகாரி நேரலையில் திகதி சொன்னால் அதைக் குறித்து வையுங்கள். அந்தத் திகதி வந்ததும் அதே ஆளை மறுபடி அழையுங்கள். அவர் எடுக்கவில்லை என்றால் எடுக்கவில்லை என்பதையும் நேயர்களுக்குச் சொல்லுங்கள், அடுத்த கிழமையும் அழையுங்கள்.