பெத்தாங்க் பழகிய கையோடு லான் பவுல்ஸுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

இரும்புக் குண்டு வீசி ஆடும் பிரெஞ்சு ஆட்டமான பெத்தாங்கைப் புதுச்சேரியில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, புல்தரையில் பந்து உருட்டும் லான் பவுல்ஸ் முதல் பார்வையிலேயே சொந்தக்கார ஆட்டம் போலத் தெரியும். தூரத்தில் ஒரு சின்னப் பந்து கிடக்கும். நம் பந்தை அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். எதிரணியின் மிக நெருங்கிய பந்தைவிட நம் பந்துகள் எத்தனை உள்ளே இருக்கின்றனவோ அத்தனை புள்ளி. இதுவரை சரி. இதற்கு மேல் பெத்தாங்க் பழக்கத்தை நம்பினால் தடுக்கி விழுவோம். நான் விழுந்திருக்கிறேன்.

2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைக்கியா, ரூபா ராணி திர்க்கி நால்வரும் பெண்கள் ஃபோர்ஸில், அதாவது அணிக்கு நால்வர் ஆடும் பிரிவில், தங்கம் வாங்கினார்கள். காமன்வெல்த் லான் பவுல்ஸில் இந்தியாவுக்கு அதற்கு முன் ஒரு பதக்கம்கூடக் கிடையாது. அதன் பிறகுதான் எங்கள் பக்கத்துப் பெண்கள் சிலர், "நாமும் ஆடலாமா அக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்காகத்தான் இது.

முதல் தவறு காலில். எனக்குப் பெத்தாங்க் சொல்லிக்கொடுத்த சித்தப்பா, "காலை அசைக்காதே பாப்பா, குண்டு தரையில் விழட்டும்" என்பார். வட்டத்துக்குள் இரண்டு காலையும் ஊன்றி நிற்பதுதான் அங்கே சட்டம். லான் பவுல்ஸில் ஒரு சின்ன விரிப்பின் மேல் நின்று, ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தபடியே உருட்ட வேண்டும். பந்தை விடும் நேரத்தில் ஒரு பாதத்தின் ஏதாவது ஒரு பகுதி விரிப்பின் மேல் இருந்தால் போதும். நான் முதன்முதலாக உருட்டியபோது மரம் மாதிரி நின்றேன். பந்து பாதி தூரம்கூடப் போகவில்லை. ஜாக், அதாவது அந்தச் சின்னப் பந்து, குறைந்தது 23 மீட்டர் தள்ளிக் கிடக்கும், பெத்தாங்கில் போல 6 முதல் 10 மீட்டரில் இல்லை. பந்தும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனம். நின்ற இடத்திலிருந்து கை பலத்தில் மட்டும் அனுப்ப முடியாது.

கையிலும் அதே கதை. பெத்தாங்கில் புறங்கை மேலே இருக்க, குண்டைத் தூக்கி வீசுகிறோம். இங்கே உள்ளங்கை மேலே. முழங்கால் மடித்து, தரையை ஒட்டிக் கொண்டுபோய் விட வேண்டும். பொத்தென்று போட்டால் பந்தும் போகாது, புல்தரையிலும் பள்ளம் விழும். பார்த்துப் பார்த்து வளர்க்கிற தரை அது.

ஆனால் எல்லாரையும் ஒரு முறையாவது தலைகுனிய வைப்பது பயாஸ். இந்தப் பந்து முழு உருண்டை அல்ல. ஒரு பக்கம் சாய்ந்து வளையும்படி வடித்திருக்கிறார்கள், வேகம் குறையக் குறைய வளைவு கூடும். பந்தின் இரு பக்கமும் வட்டக் குறி இருக்கும். சின்ன வட்டம் உள்ள பக்கம்தான் அது வளையும் பக்கம். வலக்கைக்காரர் வலப்புறமாக அனுப்பினால் சின்ன வட்டம் இடப்பக்கம், அதாவது உள்பக்கம் பார்க்க வேண்டும். மாற்றிப் பிடித்தால் பந்து ஜாக்கை விட்டு விலகி அடுத்த ஆடுதளத்துக்கே போய்விடும். விரிப்பில் ஏறியதும் குறியைத் தொட்டுப் பார்ப்பதை ஒரு சடங்காகவே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், கண் ஜாக்கைப் பார்க்கக் கூடாது. பந்து வெளியே போய்த் திரும்பப்போகும் தடத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு இது பழக வெகு நாளானது.

சின்னப் பந்துக்கு முன்னால் விழுகிற குண்டு காசு என்பது பெத்தாங்க் ஆடுகிறவர்கள் சொல்லும் பேச்சு. அதை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். ஜாக் அடிபட்டால் பெரும்பாலும் பின்னால்தான் நகரும். அங்கே ஏற்கெனவே நம் பந்து ஒன்று காத்திருந்தால் அதுதான் லாபம். ஜாக்கைத் தாண்டிப் போன பந்தைப் பார்த்து "வீணாப் போச்சு" என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு இது புரிய வேண்டும்.

அணி ஆட்டத்துக்கு வருவோம். என் மனசுக்கு நெருக்கமான விஷயம் இதுதான். ஃபோர்ஸில் ஒருவருக்கு இரண்டு பந்து. முதலில் இரு அணி லீடுகளும் மாறி மாறி உருட்டுவார்கள், பிறகு செகண்ட், தேர்ட், கடைசியில் அணித்தலைவரான ஸ்கிப். யார் பந்து நெருக்கமாக இருந்தாலும் முறை மாறாது. பெத்தாங்கில் பின்தங்கிய அணிதான் தொடர்ந்து போடும், அதனால் "விடு, நான் போடுறேன்" என்று ஒருவர் முன்னால் வரலாம். இங்கே முடியாது. லீடின் வேலை ஜாக்கை உருட்டி, அதன் பக்கத்தில் பந்தை நிறுத்துவது. அதைச் செய்யாமல் எதிரியின் பந்தை மோதித் தள்ளி வீரம் காட்ட நினைத்தால் பின்னால் வரும் மூவரும் அந்த ஓட்டையை அடைப்பதிலேயே தீர்ந்துபோவார்கள். ஸ்கிப் தன் முறை வரும் வரை ஜாக் பக்கம் நின்று கை காட்டுவார். பந்துகள் கிடக்கும் கிடை அவருக்குத்தான் சரியாகத் தெரியும். விரிப்பில் நின்றுகொண்டு அவரோடு வாதாடாதீர்கள்.

ஸ்கோரைப் பார்த்துச் சோர்ந்துபோவதும் தவறுதான். பெத்தாங்கில் 13 எடுத்தால் முடிந்தது, இங்கே எண்டுகள் கணக்கு. எல்லாரும் தங்கள் பந்துகளை உருட்டி முடிக்கும் ஒரு சுற்றுதான் எண்டு. பர்மிங்காமில் 15 எண்டுகள். தென்னாப்பிரிக்காவுடனான இறுதி ஆட்டத்தில் 8-2 என்று முன்னால் போன இந்தியா, 11 எண்டுகள் முடிந்தபோது 8-10 என்று பின்தங்கியது. அடுத்த எண்டில் 10-10. மிச்சமிருந்த மூன்றில் ஏழு புள்ளிகள். முடிவு 17-10.

கடைசியாக ஒன்று, ஆடுதளத்தின் ஓரத்தில் இருக்கும் குழி. ஒருமுறை ஜாக்கும் என் தோழியின் பந்தும் சேர்ந்து குழியில் விழுந்தன. பெத்தாங்க் கணக்கில் எல்லாம் போச்சு என்று நான் பந்தை எடுக்கக் குனிந்தேன். பயிற்சியாளர், "தொடாதீங்க!" என்று கத்தினார். ஜாக்கைத் தொட்ட பந்துக்கு டச்சர் என்று பெயர், சாக்பீஸால் குறி போட்டுவிட்டால் குழியில் விழுந்தாலும் அதற்கு உயிர் உண்டு. அளந்து பார்த்தோம். அந்த எண்டின் புள்ளி அந்தப் பந்துக்குத்தான்.