மரவேலை மெஷினுக்கு எவ்வளவு செலவழிக்கலாம்? வாங்கும் முன் போடவேண்டிய கணக்கு

காட்பாடியில் எங்கள் மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஒரு மூலைதான் என் பட்டறை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வேலை. மே மாத வெயிலில் காலை பத்து மணிக்கு மேல் அங்கே நிற்க முடியாது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் "எந்த மெஷின் நல்லது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எவ்வளவு செலவழிப்பது என்பதை அதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

முதல் படி: மூன்று பொருட்கள்

அடுத்த ஆறு மாதத்தில் செய்யப்போகிற மூன்று பொருட்களை ஒரு தாளில் எழுதுங்கள். என் தாளில் முக்காலி, புத்தக அலமாரி, பூஜை அலமாரி இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே அறுப்பு, இழைப்பு, துளை, தேய்ப்பு என்று வேலைகளைக் குறியுங்கள். மூன்றிலும் வருகிற வேலைக்கு மட்டும் மெஷின். ஒன்றில் மட்டும் வருவதை உளியும் கைரம்பமும் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாம் படி: ஒரு தடவைக்கு எவ்வளவு?

பலகையின் கனத்தைச் சீராக்கும் பெரிய இழைப்பு மெஷின் ரூ.40,000 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு ஆறு தடவை ஓட்டினால் ஐந்து வருடத்தில் 30 தடவை. அதாவது ஒரு தடவைக்கு ரூ.1,333. இப்போது உங்கள் பக்கத்து சா மில்லுக்குப் போய், அதே பலகைகளை இழைத்துத் தர என்ன கூலி என்று கேளுங்கள். கூலி குறைவாக இருந்தால் மெஷினை விட்டுவிடுங்கள். நான் மரம் வாங்கும் இடத்திலேயே இழைத்து வாங்கி வருகிறேன். மாடியில் அவ்வளவு இடமும் மிச்சம்.

மூன்றாம் படி: பாதி மெஷினுக்கு, பாதி மற்றதற்கு

கையில் ரூ.20,000 இருந்தால் ரூ.10,000க்கு மேல் மெஷினில் போடாதீர்கள். மீதி பிளேடு, பலகையை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப், மூலைமட்டம், பாதுகாப்புக் கண்ணாடி, மாஸ்க், மரம் என்று தானாகக் கரையும்.

பிளேடை லேசாக நினைக்காதீர்கள். ஏழு அங்குல சர்குலர் ரம்பம் வாங்கியதும், கூடவே வந்த 24 பல் பிளேடிலேயே பிளைவுட்டை அறுத்தேன். விளிம்பு நெடுக மேல்தோல் பிய்ந்து சிராய் சிராயாக நின்றது. ஒரு முழு ஷீட் வீண். அடுத்த ஷீட்டுக்கு 40 பல் பிளேடு மாட்டி, கோட்டின் மேல் காகித டேப் ஒட்டி, நல்ல பக்கத்தைக் கீழே வைத்து அறுத்தேன். விரலை ஓட்டிப் பார்த்தால் எங்கும் தட்டவில்லை. அதே மெஷின்தான், பிளேடுதான் வேறு.

மாஸ்கிலும் மிச்சம் பிடிக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் வரிசையில் வைத்திருக்கிறது. செலவைக் குறைக்க, இரும்பு அறுக்கவும் தேய்க்கவும் உள்ள ஆங்கிள் கிரைண்டரில் மரம் அறுக்கும் பிளேடு மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது மரத்தில் சிக்கினால் மெஷினே கையை விட்டு எகிறும்.

நான்காம் படி: கரண்ட்

1,400 வாட் ரம்பம் 230 வோல்ட்டில் ஆறு ஆம்பியர் இழுக்கும். ஓட ஆரம்பிக்கும் நொடியில் அதைவிட மிக அதிகம். ஐந்து ஆம்ப் பிளக் போதாது, பதினைந்து ஆம்ப் வேண்டும். கீழ் வீட்டிலிருந்து மெல்லிய வயர் இழுத்து ஓட்டியபோது மோட்டார் முனகியது, வயரைத் தொட்டால் சூடு. எலக்ட்ரீஷியனை வைத்து மாடிக்குத் தனி லைன் போட்டேன். அந்தச் செலவையும் தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். கரண்ட் பில்லுக்குப் பயப்படவேண்டாம். அந்த ரம்பம் முழு பாரத்தில் ஒரு மணி நேரம் ஓடினாலும் 1.4 யூனிட்தான்.

ஐந்தாம் படி: பழைய மெஷின்

விலை பாதி என்றால் வாங்கலாம். ஆனால் ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிளேடு மாட்டும் தண்டை ஆட்டிப் பாருங்கள், ஆடக்கூடாது. ஓடும்போது கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் போயிருக்கும். கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு) பக்கம் பெரிய பொறி பறந்தால் விட்டுவிடுங்கள். பிளேடு மூடியும் அதன் ஸ்பிரிங்கும் இல்லாத ரம்பம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

சரி, முதல் மெஷின் வந்தாயிற்று. எழுதிய மூன்று பொருட்களும் முடியும்வரை அடுத்ததை வாங்காதீர்கள். முடிந்த பிறகு புதுத் தாள். என்னுடையதில் இப்போது சாண்டர், அதாவது தேய்ப்பு மெஷின், காத்திருக்கிறது. பூஜை அலமாரிக்கு இன்னும் கதவு மாட்டவில்லை.