ராஸ்பெர்ரி பையில் டிஎஸ்3231 கடிகாரம் மாட்டுவது எப்படி

பால் குளிர்விப்பு நிலையங்களுக்கு டேங்க் வெப்பநிலையைப் பதிவு செய்யும் லாகர் பெட்டிகள் செய்து தருகிறேன். பால் 4 டிகிரியைத் தாண்டியது கரண்ட் போனதற்கு முன்பா பின்பா என்று கேள்வி எழும்போது, பதிவில் இருக்கும் மணிதான் சாட்சி. அது தப்பானால் பால் ஊற்றிய விவசாயியின் காசுதான் அடிபடும். அதனால் சென்சாரைவிடக் கடிகாரத்துக்குத்தான் நான் அதிகம் மெனக்கெடுகிறேன்.

இந்தப் பெட்டிகளுக்குள் இருப்பது ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி போர்டு. அதில் பை 4 வரைக்கும் பேட்டரி போட்ட கடிகாரம் கிடையாது. நெட் இல்லாத இடத்தில் கரண்ட் போய்த் திரும்பி வந்தால், ஃபேக்-ஹெச்டபிள்யூகிளாக் என்ற புரோகிராம் கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்திலிருந்து ஓட்டத்தைத் தொடங்கும். மூன்று மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் அந்த மூன்று மணி நேரம் பதிவில் நடக்கவே இல்லாததுபோல் ஆகிவிடும். பார்க்கிறவர்களுக்குச் சந்தேகமே வராது, அதுதான் ஆபத்து. பை 5-ல் கடிகாரம் உண்டு. பேட்டரி மட்டும் தனியாக வாங்கிச் செருக வேண்டும்.

பை 4-க்கும் அதற்கு முந்தைய போர்டுகளுக்கும் நான் டிஎஸ்3231 என்ற கடிகாரச் சிப்பை மட்டுமே போடுகிறேன். விலை குறைந்த டிஎஸ்1307-க்கு, நேரத் துடிப்பைத் தரும் கிரிஸ்டல் வெளியே இருக்கும்; வெயில் ஏறினால் அதன் ஓட்டமும் மாறும். டிஎஸ்3231-ல் கிரிஸ்டலும் வெப்பமானியும் சிப்புக்குள்ளேயே இருக்கின்றன. 64 விநாடிக்கு ஒருமுறை தன் சூட்டைத் தானே பார்த்து ஓட்டத்தைத் திருத்திக்கொள்ளும். 0 முதல் 40 டிகிரி வரை பிழை பத்து லட்சத்துக்கு 2, அதாவது வருஷத்துக்கு ஒரு நிமிடம் அளவில்தான். வாங்கும்போது சிப்பின் மேல் அச்சை லென்ஸ் வைத்துப் பாருங்கள். எண்ணுக்குப் பின்னால் ‘எம்’ என்றிருந்தால் அது வேறு ரகம், பிழை பத்து லட்சத்துக்கு 5 வரை போகலாம்.

சாலிடரிங் அயர்னைக் கையில் எடுங்கள். கடையில் கிடைக்கும் நீல நிற மாட்யூலில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் பாதை ஒன்று இருக்கிறது: ‘201’ என்று எழுதிய சின்ன ரெசிஸ்டர், பக்கத்தில் ஒரு கண்ணாடி டயோடு. நாம் போடும் சிஆர்2032 சார்ஜ் ஏற்றக் கூடாத பேட்டரி. அந்த ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டுத்தான் பேட்டரியைப் போட வேண்டும். மின்சாரத்தை பையின் 1-ஆம் பின்னிலிருந்து, 3.3 வோல்ட்டாகக் கொடுங்கள். 5 வோல்ட் கொடுத்தால் மாட்யூலில் உள்ள புல்-அப் ரெசிஸ்டர்கள் வழியாக அதே 5 வோல்ட் டேட்டா லைன்களுக்கும் வரும். பையின் பின்கள் அதைத் தாங்காது. டேட்டா லைனான எஸ்டிஏ 3-ஆம் பின், கிளாக் லைனான எஸ்சிஎல் 5-ஆம் பின், கிரவுண்டு 6-ஆம் பின்.

அடுத்து டிரைவர். ராஸ்பி-கான்ஃபிக் என்ற செட்டிங் புரோகிராமில் ஐ2சி-யை (பை இந்தச் சிப்போடு பேசும் இரண்டு லைன் இணைப்பு) ஆன் செய்துவிட்டு, ஐ2சி-டிடெக்ட் கட்டளையை ஓட்டினால் 68 என்ற முகவரி தெரிய வேண்டும். 57-ம் சேர்ந்து தெரிந்தால் அது மாட்யூலில் உள்ள ஈஈபிராம் என்ற நினைவகச் சிப், விட்டுவிடுங்கள். பூட் பகுதியில் இருக்கும் கான்ஃபிக் ஃபைலின் கடைசியில் டிடிஓவர்லே வரி ஒன்றைச் சேருங்கள்: சமக்குறிக்குப் பிறகு ஐ2சி-ஆர்டிசி, ஒரு காற்புள்ளி, டிஎஸ்3231. ரீபூட் செய்தபின் 68 இருந்த இடத்தில் ‘யூயூ’ என்று வந்தால் டிரைவர் சிப்பைப் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம்.

சிப்பின் பெயரை மட்டும் கவனமாக எழுதுங்கள். பையில் ஓடும் லினக்ஸில் டிஎஸ்1307, டிஎஸ்3231 இரண்டு சிப்புக்கும் ஒரே டிரைவர்தான். முகவரியும் ஒன்று, நேரம் இருக்கும் ரெஜிஸ்டர்களும் (சிப்புக்குள் உள்ள சேமிப்பு இடங்கள்) ஒன்று. அதனால் டிஎஸ்1307 என்று எழுதினாலும் நேரம் ஒழுங்காக வரும், எல்லாம் சரி என்றே தோன்றும். ஆனால் கடிகாரம் இடையில் நின்றதா என்று சொல்லும் கொடியை டிரைவர் பார்க்கவே பார்க்காது.

அந்தக் கொடிதான் என்னைப் பொறுத்தவரை இந்தச் சிப்பின் உயிர். பேட்டரியும் கரண்டும் சேர்ந்து போய், கிரிஸ்டலை ஓட்டும் ஆஸிலேட்டர் நின்றால், ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரின் மேல்கோடி பிட் 1 ஆகிவிடும். டிரைவர் ஏறும்போது அதைப் பார்த்து, டிமெசேஜ் காட்டும் சிஸ்டம் பதிவில் ‘செட் டைம்!’ என்று ஒரு வரி எழுதும். கையோடு அந்தப் பிட்டை அழித்தும் விடும். அடுத்த பூட்டில் அந்த எச்சரிக்கை வராது. ஆகவே ஒவ்வொரு பூட்டிலும் அந்த வரி வந்ததா என்று தேடி, வந்திருந்தால் தனி ஃபைலில் எழுதி வைக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போடுங்கள். புது மாட்யூலில் முதல் தடவை வருவது இயல்பு.

இப்போது ஃபேக்-ஹெச்டபிள்யூகிளாக் பேக்கேஜை நீக்குங்கள். நெட் கொடுத்து, டைம்டேட்-சிடிஎல் கட்டளை நேரம் ஒத்துப்போனதாகக் காட்டிய பிறகு, ஹெச்டபிள்யூகிளாக் கட்டளையை ‘டபிள்யூ’ ஆப்ஷனோடு ஓட்டினால் சிஸ்டம் நேரம் சிப்புக்குள் ஏறிவிடும். சிப்பில் யூடிசி என்ற உலகப் பொது நேரமே இருக்கட்டும். பிற்பாடு பதிவுகள் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளி வந்தால் சிப்பைக் குறை சொல்ல வேண்டாம், யாரோ அதில் உள்ளூர் நேரத்தை எழுதியிருக்கிறார்கள்.

சோதனையை அவசரப்படுத்தாதீர்கள். நெட்டைத் துண்டித்து, பவரை இறக்கி, ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். காலையில் நெட் இல்லாமலே பூட் செய்து கைபேசி நேரத்தோடு ஒப்பிடுங்கள். பத்து நாள் நெட் இல்லாமல் ஓட்டி ஒரு விநாடி வித்தியாசம் வந்தால் பிழை பத்து லட்சத்துக்கு 1.16. இதைத் திருத்தவும் வழி உண்டு: பதினாறடிமான எண்ணில் 10 என்ற முகவரியில் உள்ள ஏஜிங் ரெஜிஸ்டர். அதில் ஒரு படிக்குப் பத்து லட்சத்துக்குச் சுமார் 0.1 மாறும். கடிகாரம் முந்தினால் கூட்டல் எண், பிந்தினால் கழித்தல் எண். பால் நிலையத்துக்கு இதெல்லாம் தேவைப்படாது, நான் தொடுவதில்லை.

கடைசியாக லாகர் புரோகிராம். பேட்டரியும் கரண்டும் சேர்ந்து போன சிப் 2000 ஜனவரி 1-லிருந்து எண்ணத் தொடங்கும். அதைப் பிடிக்க சிஸ்டம் நேரத்தைப் பார்த்துப் பயனில்லை. லினக்ஸைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி பழைய தேதியைக் கண்டால் தானாகவே முன்னே தள்ளி வைத்துவிடும். புரோகிராம் தொடங்கும்போது சிப்பின் நேரத்தை ஹெச்டபிள்யூகிளாக் வழியாக நேராகப் படியுங்கள். பெட்டியை நிறுவிய வருஷத்துக்கு முந்தைய வருஷம் வந்தால், வெப்பநிலையை மட்டும் பதிந்து, மணி இருக்கும் இடத்தில் ‘தெரியாது’ என்று எழுதச் செய்யுங்கள், கூடவே பெட்டியின் சிவப்பு விளக்கையும் எரிய விடுங்கள்.